பாம்புமுடிக்காரியின் வக்கீல்

பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டால் போதும், யாராவது ஒரு பெண் பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் சிற்பப் பட்டறை வாசலில் வந்து நிற்கும். கூடவே அம்மாவோ அப்பாவோ. கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்தவர்கள், அப்படியே இதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பியிருப்பார்கள். இந்த மாடியில் உட்கார்ந்துதான் எழுதினார்களா, எப்படி இருப்பார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு பொல்லாததைச் சொல்ல மனசு வராது. தங்கமான மனுஷி என்று சொல்லி, ஒரு குட்டி யானை பொம்மையையும் விற்று அனுப்பிவிடுவேன்.

உண்மையைச் சொல்லச் சொன்னால், என் உயிரை எடுத்தார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மழுங்கிப்போன உளிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கொல்லன் உலைக்கு ஓடுகிற வேலையில் ஆரம்பித்தேன். இன்றைக்கு மாமல்லபுரத்தில் சொந்த கிரேன் நிற்கிற பட்டறை என்று சொன்னால் ஆட்டோக்காரன் விலாசம் கேட்காமல் கொண்டுவந்து விடுவான். என் பட்டறையில் பிறந்த பிள்ளையார்கள் கப்பலேறிப் போய் எந்தெந்த தேசத்திலோ கொழுக்கட்டை சாப்பிடுகிறார்கள். கலெக்டர் ஆபீஸில் நாற்காலி போட்டுப் பேசுகிற ஆள் நான். இப்பேர்ப்பட்டவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு, சொன்ன பதில் போதாது என்று திரும்பவும் கேட்டவர் இந்தப் பூமியில் டீச்சரம்மா ஒருத்தர்தான்.

அவர் டீச்சர் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. மூக்குக் கண்ணாடியும் கையில் பேனாவுமாக ஒரு பெண்மணி வந்து நின்றால் எங்கள் பட்டறையில் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? முதல் நாள் ஒருவன் கூப்பிட்டான், அதுவே பெயராக நின்றுவிட்டது. சென்னையில் சத்தம் தாங்க முடியவில்லை, அமைதியாக உட்கார்ந்து எழுத ஓர் இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை கல் அறுக்கிற பட்டறைக்கு மேலே இருக்கிற மாடியைக் கேட்டு வந்தார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. ஊரே ஒருவரைப் பார்த்துக் கை நீட்டினால், இவர் போய் அந்த ஒருவர் பக்கத்தில் நின்றுகொள்வார். நின்றுகொண்டு, ‘அவங்க தரப்பை யாராவது கேட்டீங்களா?’ என்பார். குரலை உயர்த்தமாட்டார். பல்லைக் கடிக்கமாட்டார். ஏதோ அரிசி விலை கேட்கிற மாதிரி கேட்பார். அதுதான் இன்னும் எரிச்சல்.

தெருமுனையில் ஒரு பெட்டை நாய் பால்காரனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நாய் பிடிக்கிற வண்டிக்கு நாங்கள் சொல்லி அனுப்புகிறோம், இந்த அம்மா மணல் லாரிக்கு அடியில் குனிந்து என்னத்தையோ தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பின்னங்கால் நசுங்கிப்போயிருந்தது. கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த பால்காரனிடம் அதைக் காட்டி, “உங்க வண்டிதாங்க ஏறியிருக்கு. இதோட தாயால போய் கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால கடிச்சிருக்கு” என்றார். பால்காரன் அன்றையிலிருந்து எங்கள் தெருவுக்கே பால் ஊற்றுவதில்லை. நாயும் அங்கேயேதான் இருந்தது. பாக்கெட் பாலில் காபி குடித்தவன் நான்.

ஒரு நாள் கல் ஏற்றி வந்த லாரிக்காரன் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று என் காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளினான். அவன் சட்டையைப் பிடித்து நான் நாலு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே காலால் அளந்து பார்த்தார். சுவர் ரோட்டுக்குள் தள்ளி நிற்கிறது என்றார். லாரிக்காரன் முன்னாலேயே. நிற்கத்தான் நிற்கிறது. யாருக்குத் தெரியாது? அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடப்பாக்கத்தில் ஒரு துண்டு மனைக்காக எனக்கும் என் மச்சானுக்கும் செங்கல்பட்டு கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அவன் செய்த துரோகத்தை ஒரு நாள் முதலிலிருந்து கடைசிவரை இவரிடம் எடுத்துச் சொன்னேன். நான் சொல்ல ஆரம்பித்தால் கல்லும் கரையும். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், என் வீட்டு மோரை ஒரு சொம்பு குடித்தார். குடித்து முடித்து, “உங்க மச்சான் என்ன சொல்றார்?” என்றார். அவன் சொல்வதைச் சொல்ல அவனுக்கு வக்கீல் இருக்கிறான், பீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறான். இவருக்கு என்ன வந்தது? என் மனைவி அதுவரை நன்றாகச் சிரித்தாள். அடுத்த வாரம் எங்கள் மருமகள் பக்கமாக ஒரு தடவை பேசிவிட்டார். அதோடு மாடிக்குப் போய்க்கொண்டிருந்த மீன்குழம்பு நின்றது.

அப்படிப்பட்ட ஆள் என்ன கதை எழுதுவார்? அந்த மாதிரிக் கதைதான்.

வளர்ந்தும் வளராத வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் படிப்பதற்கென்று தனியாக நாவல் எழுதுவார்களாம். இவர் எழுதியது கிரேக்க தேசத்துப் பழங்கதை. ஒரு சாயங்காலம் வாடகை கொடுக்க வந்தவரிடம், அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். உட்கார்ந்துவிட்டார். தலையில் முடிக்குப் பதில் பாம்புகள் நெளிகிற அரக்கி ஒருத்தி. அவள் கண்ணைப் பார்த்தவன் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவான். ஒரு வீரன் வந்தான். பளபளவென்று தேய்த்த கேடயத்தில் அவள் உருவத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாகப் போய்த் தலையை வெட்டினான். அந்தப் பெயர்கள் எதுவும் என் வாயில் நுழையவில்லை, ஆனால் கதை பிடித்திருந்தது. சுருக்கமாகவும் இருந்தது. முடிந்தது என்று எழுந்தேன்.

“இது ஊர் சொல்ற கதை. நான் எழுதுறது அவ சொல்ற கதை” என்றார்.

திரும்ப உட்கார்ந்தேன். வேறு வழி? அந்தப் பாம்புமுடிக்காரி முதலில் எல்லோரையும் போல ஒரு பெண்தானாம். கோயிலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தவளாம். கடலுக்குச் சாமியாக இருந்த ஒருத்தன் அந்தக் கோயிலுக்குள் வைத்தே அவளிடம் தப்பாக நடந்துகொண்டான். கோயில் அம்மனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் அவனை விட்டுவிட்டு இவளைச் சபித்தாள். ஆள் இல்லாத தீவில் போய் ஒளிந்துகொண்டாள் அந்தப் பெண். “அவ யாரையும் தேடிப் போய்க் கல்லாக்கலைங்க ஐயா. வாளை எடுத்துக்கிட்டு அவங்கதான் அவளைத் தேடி வந்தாங்க.”

எனக்கு ஒரு தொழில் சந்தேகம் வந்தது. கல்லாகிறார்களே, கருங்கல்லா, மாவுக்கல்லா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். அடுத்த நாள் கீழே வந்து ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்தார். புத்தகத்தில் கருங்கல் என்று வருகிறது. என்னைக் கேட்காமல் அந்த நாவல் முடிந்திருக்காது. இதை வருகிற பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் கன்னியம்மா விவகாரம் வந்தது.

கன்னியம்மா என் பட்டறையில் பாலிஷ் போடுகிறவள். சிலை வடித்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஊற்றி, உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்து வழவழப்பு ஏற்றுகிற வேலை. கை ஊறி வெளுத்துவிடும், தூசு மூச்சில் ஏறும். புருஷன் இல்லை. மகள் செங்கல்பட்டில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அம்மாவின் கூலியில். வேலையில் குறை சொல்ல முடியாது. குறை வாயில்தான். எதையாவது பார்த்து மனசுக்குப் பிடித்துவிட்டால் உடனே சொல்லிவிடுவாள். ஒருவன் புது பைக் வாங்கி வந்தபோது, ராஜா குதிரை மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்த நாளே அவன் மணலில் சறுக்கி விழுந்தான். ஒரு பிள்ளையாரைப் பார்த்து, தும்பிக்கை ஆடுகிற மாதிரியே இருக்கிறது என்றாள். அந்தத் தும்பிக்கை உடைந்தது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். எங்கள் தொழிலில் கல்லடி தினம் படுகிறோம், அதனால் கண்ணடிக்குப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. அவள் வந்தால் புதுச் சட்டைக்காரன் தூணுக்குப் பின்னால் போவான்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அம்மன் சிலை செய்துகொண்டிருந்தோம். என் தலைமை ஸ்தபதி ஏகாம்பரம் முகத்தை வடித்து முடித்திருந்தான். கன்னியம்மா தோளைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, “அடி ஆத்தே, இன்னா மூஞ்சி இது. வாயத் தொறந்து பேசிடும் போல கீதே” என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை கிரேனில் பெல்ட் மாட்டித் தூக்கினோம். தோளிலிருந்து மார்புவரை மயிரிழையாக விரிசல் ஓடியது.

பின்னமான சிலையைக் கோயிலில் வைக்கமாட்டார்கள். அத்தனை பேர் உழைப்பும் போச்சு. எனக்குத் தெரியும், கல்லுக்குள் விரிசல் முன்னாலேயே இருந்திருக்கும், பெல்ட் இறுக்கியதும் வெளியே வந்திருக்கும். கல்லைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பட்டறையில் ஒருவனும் உளியைத் தொடவில்லை. ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “அண்ணாத்த, இன்னொரு கல்லு எடுத்து நான் மறுபடி செய்யறேன். கூலி கூட வாணாம். ஆனா அவ இங்க இருந்தா நான் இல்ல. நீயே முடிவு பண்ணிக்கோ.”

முதலாளி என்றால் என்ன? நாலு பேர் சொல்வதைக் கேட்டு நடப்பதற்குப் பெயர் முதலாளி இல்லை. ஆனால் பட்டறையே சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். கன்னியம்மாவைக் கூப்பிட்டு, வார முடிவில் கணக்கு முடித்துக்கொள், அடுத்த தெருப் பட்டறையில் நானே சொல்லி விடுகிறேன் என்றேன்.  நான் போன் செய்தபோதுதான் தெரிந்தது, அவளுக்கு முன்னாலேயே அவள் பேர் ஊர் முழுக்கப் போய்விட்டது என்று. மாமல்லபுரத்தில் எந்தப் பட்டறையிலும் அவளை வாசல் படி ஏற்ற ஆள் இல்லை.

அன்று மத்தியானமே டீச்சரம்மா மாடிப்படி இறங்கினார். எனக்கு அந்தச் செருப்புச் சத்தத்திலேயே தலைவலி ஆரம்பித்தது.

ஒருவரையும் விடவில்லை. கையில் டீ கிளாஸோடு ஒவ்வொருத்தனிடமும் போய் விசாரித்தார். கன்னியம்மா எப்போது சொன்னாள், சொல்லி எத்தனை நேரம் கழித்து உடைந்தது, பைக்கில் போனவன் குடித்திருந்தானா, அவள் பாராட்டியும் உடையாமல் போன சிலைகள் எத்தனை என்று. மற்றவன் எல்லாம் முழித்தான். ஏகாம்பரம்தான் உளியைக் கீழே வைத்துவிட்டு, “ஒடையாதத யாரு டீச்சரம்மா ஞாபகம் வெச்சிக்குவாங்க?” என்றான்.

அதற்குப் பிறகுதான் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். வார முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. டீ குடிக்கிற நேரத்தில் கற்களுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பாம்புமுடிக்காரி கதையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சும்மா சொல்லவில்லை, இவர்கள் மனசை மாற்றத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நன்றாகச் சொல்வார், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோயிலுக்குள் நடந்ததைச் சொன்னபோது பாலிஷ் போடுகிற பெண்கள் டீயை ஆறவிட்டார்கள். கன்னியம்மா தண்ணீர்த் தொட்டி ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்.

கேடயத்தில் உருவத்தைப் பார்த்து வெட்டுகிற இடம் வந்தது. ஏகாம்பரம் தலையாட்டினான். சிலைக்குக் கண் திறக்கும்போது நாங்களும் கண்ணாடியைத்தான் காட்டுவோம். சாமியின் முதல் பார்வை மனுஷன்மேல் விழக்கூடாது, தாங்காது. அதைச் சொன்னான். டீச்சரம்மா அப்படியே பிடித்துக்கொண்டார். சாமி பார்வையும் தாங்காது, இவள் பார்வையும் தாங்காது என்கிறீர்கள், பிறகு ஏன் அதைச் சக்தி என்றும் இதைத் திருஷ்டி என்றும் சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஏகாம்பரம் நன்றாக யோசித்தான்.

“சாமி கண்ணத் தொறந்துட்டு கோயிலுக்குப் போயிடும் டீச்சரம்மா. இது தெனம் காலைல டிபன் பாக்ஸ் எடுத்துகினு இங்கதான வருது.”

பட்டறையே சிரித்தது. தொட்டி ஓரத்தில் கன்னியம்மாவின் முதுகும் குலுங்கியது, சிரித்தாளோ என்னவோ.

கடைசி நாள் கதையின் கடைசிப் பகுதி. வெட்டின தலையை அந்த வீரன், அவளைச் சபித்த அம்மனிடமே கொடுத்தான். அம்மன் அதைத் தன் கேடயத்தில் பதித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த ஊர் ஜனங்கள் பாம்புமுடிக்காரியின் முகத்தைக் கதவிலும் சுவரிலும் செதுக்கி வைத்தார்கள், கெட்டது எதுவும் உள்ளே வராமல் இருக்க.  உயிரோடு இருந்தபோது அவளைத் துரத்தினவர்கள், செத்த பிறகு அவள் முகத்தைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று டீச்சரம்மா சொல்ல வந்தார். சொல்லி முடிக்க விட்டால்தானே.

“அப்போ அது திருஷ்டி பொம்மை” என்றான் ஏகாம்பரம்.

டீ குடித்துக்கொண்டிருந்த எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். புது வீடு கட்டினால் வாசலில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு ராட்சச முகம் தொங்குமே, பூசணிக்காயில் கண்ணும் மீசையும் எழுதி மாட்டுவோமே, அதுதான் இது. எல்லோருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. டீச்சரம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. ஆமாம், ஆனால் அதற்கு அர்த்தம் என்னவென்றால் என்று அவர் ஆரம்பித்தார். அர்த்தம் யாருக்கு வேண்டும்? ஏகாம்பரம் நேரே என்னிடம் வந்தான்.

“அண்ணாத்த, அவ மூஞ்சி உள்ள பாத்தாதான பேஜாரு. வாசல்ல ஒரு நாற்காலி போட்டு ரோட்ட பாத்து ஒக்கார வெச்சிட்டா? வர்ற போற கண்ணெல்லாம் அவ கண்ணுல பட்டு திரும்பிடும். எதிர்ப் பட்டறைக்காரன் கண்ணு மொதல்ல.”

நாற்காலி யோசனை ஏகாம்பரத்துடையது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறான். நாற்காலி என்னுடையது, வாசலும் என்னுடையது, அப்படியானால் யோசனை யாருடையது? கூலியைக் குறைக்காமல் அன்றைக்கே உட்காரவைத்தேன். வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும், வண்டி நிறுத்த இடம் சொல்ல வேண்டும், மற்றபடி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு வேலையும் போகவில்லை, என் பட்டறையில் உளியும் நிற்கவில்லை. எதிர்ப் பட்டறைக்காரன் மறுநாளே தன் நந்திகளையெல்லாம் வேறு பக்கமாகத் திருப்பி வைத்தான். புதுக் காரில் வந்து விலையை அடித்துப் பேசிக்கொண்டிருந்த ஓர் ஆள், டீக்கடைக்காரன் அவன் காதில் என்ன ஓதினானோ, கன்னியம்மா தன் காரைப் பார்ப்பதைக் கண்டதும் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இதற்கு டீச்சரம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். கும்பிடவில்லை. ஒரு மனுஷியைப் பூசணிக்காய் ஆக்கிவிட்டீர்களே என்று வந்து நின்றார். என் கதையில் அவள் பொம்மை இல்லை, ஆள் என்றார். உங்கள் கதைதானே அம்மா சொல்லிக்கொடுத்தது என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவரை நான் மடக்கினேன் என்றால் அது அன்றுதான். முகம் சிவந்து மாடிக்குப் போனவர், அங்கே உட்கார்ந்து யோசித்திருப்பார் போல. கொஞ்ச நேரத்தில் இறங்கி நேரே கன்னியம்மாவிடம் போனார்.

உள்ளே போய் உன் பழைய வேலையைக் கேள், நான் உன் பக்கம் நிற்கிறேன் என்றார்.

“நீ நிக்கறம்மா. நான் ஒக்காந்துகினு கீறேன்” என்றாள் கன்னியம்மா. “தூசு இல்ல. கையி தண்ணியில ஊறல. எம்பொண்ணு படிப்பு முடியற வரிக்கும் என்னிய இங்கயே வுடு.”

“உனக்கு இது பிடிச்சிருக்கா?”

 கன்னியம்மா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். தனக்கென்று ஒரு தரப்பு இல்லாத ஆளை டீச்சரம்மா அதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அவர் தவித்த தவிப்பைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அதற்கப்புறம் மாதங்கள் ஓடின. கன்னியம்மாவுக்கு டீ கொண்டுபோகிறவன் முக்காலியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவளுக்குப் பத்திரிகை கிடையாது. என் பேரனுக்கு முதல் மொட்டை அடித்துப் பட்டறைக்குத் தூக்கி வந்தோம். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே அவள் எழுந்து கல் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. குழந்தை காரில் ஏறிய பிறகுதான் வந்து உட்கார்ந்தாள். டீச்சரம்மா மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு இதைப் பார்த்தார். கேள்வி வரும் என்று நான் காத்திருந்தேன். அன்றைக்கு வரவில்லை.

நாவலை முடித்தார். மாடியைக் காலி செய்கிற வாரத்தில் புத்தகக் கட்டு பார்சலில் வந்தது, என் பட்டறை விலாசத்துக்கு. கீழேயே வைத்துப் பிரித்தார்.   ராவும் பகலும் அவர் பட்ட பாட்டை மாடியில் எரியும் விளக்கை வைத்து நான் அறிவேன். அட்டையில் பாம்புமுடிக்காரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கண்கள். முதல் புத்தகத்தை வாசல் பிள்ளையார் காலடியில் வைத்து எடுங்கள், சூடம் கொளுத்தச் சொல்கிறேன் என்றேன். அவர் பிள்ளையாரைத் தாண்டி நடந்தார். கன்னியம்மாவின் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில், புடவையெல்லாம் கல்தூசாக, சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தை நீட்டினார்.

பட்டறையில் கிரைண்டர் நின்றது. ஏகாம்பரம், “டீச்சரம்மா, வாணாம். சொன்னா கேளு” என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது.

கன்னியம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“எடுத்துகினு போம்மா. நீ பெத்த புள்ள மாதிரி இது. எங்கண்ணு பட வாணாம்.”

“உன் கண்ணுல ஒண்ணும் இல்ல கன்னியம்மா.”

“இல்லன்னு நீ சொல்ற. அந்த அம்மன் மூஞ்சிய நான்தான பாத்தேன். எனக்குத் தெரியாதா?”

இத்தனை நாளும் டீச்சரம்மா எங்களோடு மல்லுக்கு நின்றது, இவளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று. இவளே இருக்கிறது என்கிறாள். இப்போது என்ன செய்வார் என்று பார்த்தேன். வாதாடவில்லை. புத்தகத்தைக் கன்னியம்மாவின் மடியில் வைத்தார். “உன்னைப் பார்த்துத்தான் பாதி எழுதினேன். நீ பார்க்காம வேற யாருக்கும் காட்டமாட்டேன். பாரு. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு. என்ன ஆகுதோ ஆகட்டும்” என்றார்.

 ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கன்னியம்மா கண்ணைத் திறந்தாள். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். பாலிஷ் ஏறிவிட்டதா என்று கல்லைத் தடவிப் பார்ப்பாளே, அதே மாதிரி கட்டைவிரலின் தட்டையால் அட்டையின்மேல் அந்தப் பெண்ணின் நெற்றியை, கன்னத்தை, ஒவ்வொரு பாம்பாகத் தடவினாள். ஒரு பக்கம் பிரித்து முகர்ந்து பார்த்தாள். வருஷக்கணக்காக அவளைப் பார்க்கிறவன் நான். ஒரு பொருள் மனசுக்குப் பிடித்துவிட்டால் அவள் உதடு லேசாகப் பிரியும், அடுத்து வார்த்தை வந்துவிடும். உதடு பிரிந்தது. எனக்கே நெஞ்சு திக்கென்றது, பொய் சொல்வானேன்.

வார்த்தை வரவில்லை.  புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் எடுத்து டீச்சரம்மாவிடம் கொடுத்தாள்.

“சுமாராத்தான் கீது.”

டீச்சரம்மா அவள் முகத்தையே பார்த்தார். நாய்க்கும் லாரிக்காரனுக்கும் என் மச்சானுக்கும் வரிந்து கட்டிக்கொண்டு பேசிய வாய், ஒரு வார்த்தைக்குத் திண்டாடியது.

“சுமாரா?” என்றார் கடைசியில்.

“ஆமா. ரொம்ப சுமாரு” என்று சொல்லிவிட்டு, கன்னியம்மா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.